‘பிறன்’ என்னும் சொல்லும் கிறித்தவ அன்பும்: தாம்பரம் சார்ந்த ஓர் ஆய்வு

கிறித்தவ அறத்தின் தலையாய கட்டளைகள் இரண்டு என்பர். இறைவனிடத்து அன்பு கொள்ளுதல் முதலாவது. ஒருவன் தன்பால் வைக்கும் அன்பைப் பிறன்பாலும் வைத்தல் இரண்டாவது. இவ்விரண்டாவது கட்டளை தமிழில் எழுதப்பட்ட பொழுது ‘அன்பு’, ‘பிறன்’ என்னும் இரு சொற்கள் ஒரு தொடரில் வந்து கூடின. நெடிய இலக்கிய வழக்குடைய இவ்விரு சொற்களும் எளிதில் ஒன்றோடொன்று பொருந்தும் இயல்பின அல்ல. பொருந்தாத அவற்றைப் பொருத்திய வாக்கியம் ஒன்றைத் தம் மறைநூலாகக் கொண்ட மக்கள் அதனை நாள்தோறும் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை, தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த சென்னைத் தென்புறநகர்ப் பகுதியையும் களமாகக் கொண்டு காண்பது இக்கட்டுரையின் நோக்கம். சமய நூலாராய்ச்சி எம் துறை அன்று. சொல்லாராய்ச்சியாகத் தொடங்கி, அச்சொற்கள் நடமாடும் தெருக்களுக்குச் செல்லுதலையே யாம் மேற்கொண்டுள்ளோம்.

முதற்கண் ‘பிறன்’ என்னும் சொல்லை நோக்குவோம். கட்டளையின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘பிளேசியோன்’ என்பது. அண்மையில் இருப்பவன் என்பது அதன் பொருள். இலத்தீன் மொழிபெயர்ப்பும் மிக அண்மையன் என்னும் பொருளுடைய சொல்லையே ஆண்டது. ஐரோப்பிய மொழிகள் பலவும் பக்கத்தில் குடியிருப்பவனைக் குறிக்கும் சொற்களைக் கொண்டன. எபிரேய மூலத்தில் உள்ள சொல்லோ தோழன், உடனிருப்பவன் என்னும் பொருளுடையது. ஆக, மூலமொழிகள் எல்லாம் அண்மையைச் சுட்ட, தமிழ் ஒன்றே வேற்றுமையைச் சுட்டுகிறது. பிறன் என்பவன் தானல்லாதவன்; தன்னைச் சாராதவன். திருக்குறள் இச்சொல்லை ஆளும் இடங்களை நோக்கின் இது தெளிவாகும். பிறனில் விழையாமை என்று ஓர் அதிகாரமே உண்டு. பிறன் மனை, பிறன் பொருள் என்று வருமிடங்களில் எல்லாம் ‘இஃது உனக்குரியதன்று, எல்லை கடவாதே’ என்னும் விலக்கே சொல்லில் ஒலிக்கிறது. பிறன் என்பது வேலிக்கு அப்பால் உள்ளவனின் பெயர்.

மொழிபெயர்த்தோர் வேறு சொல் அறியாமையால் இதனைக் கொண்டனர் என்று கூறுதல் இயலாது. 1871இல் நிறைவுற்றுச் சீர்திருத்தத் திருச்சபையார் நெடுங்காலமாக ஓதிவரும் தமிழ் விவிலியத்தை உருவாக்கிய குழுவிற்குத் தலைமை தாங்கியவர் ஹென்றி பவர் என்பார். சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868இல் உரையுடன் பதிப்பித்து வெளியிட்டவரும் அவரே. சாமிநாதையரின் முழுப்பதிப்பு 1887இல் வெளிவருவதற்கு முன்னர்ச் சிந்தாமணியைக் கற்க விழைந்தார்க்குக் கிடைத்த அச்சுப் பகுதி அஃதொன்றேயாம். இத்தகையார் சொல்லறியாதவர் ஆகார். மேலும், ‘அயலான்’ என்னும் சொல்லும் அதே மொழிபெயர்ப்பில் உண்டு. தொலைவில் உள்ள உடன்பிறந்தானினும் அருகில் உள்ளவனே மேல் என்னும் கருத்துடைய நீதிமொழியில், அருகிலுள்ளவனைக் குறிக்க அயலான் என்றே எழுதினர். வீட்டுக்கு வீடு அண்மை வேண்டிய இடத்தில் அயலானையும், கட்டளைக்குப் பிறனையும் வைத்தனர் எனின், அது வேறுபாடு உணர்ந்து செய்த தேர்வு என்றே யாம் கருதுகின்றோம். பத்துக் கட்டளைகளிலும் பொய்ச்சான்று பற்றிய விலக்கும், பிறர் உடைமையை விரும்புதல் பற்றிய விலக்கும் பிறன் என்னும் சொல்லாலேயே அமைந்துள்ளன. அவ்விலக்குகளுக்குக் குறள் வழக்கு முற்றும் பொருந்துகிறது. எவன் பொருளைக் கவரலாகாதோ அவன்மீதே அன்பும் வைக்க வேண்டும் என்று, விலக்குக்கும் விதிக்கும் ஒரே சொல் வந்துவிட்டது.

இனி ‘அன்பு’. ஏவலுக்குரிய இச்சொல்லும் தமிழ் மரபில் கட்டற்றுப் பரந்து நிற்பதன்று. அன்புடைமை திருக்குறளின் எட்டாம் அதிகாரம், இல்லறவியலில் உள்ளது. அருளுடைமை இருபத்தைந்தாம் அதிகாரம். துறவறவியலின் தொடக்கத்தில் உள்ளது. பரிமேலழகர் இவ்விரண்டனையும் பிரித்துக் காட்டும் நுட்பம் மாணவர் அறிந்ததே. தொடர்புடையார்மாட்டுச் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் இயல்பாகச் செல்வது அருள். அருளை அன்பு ஈன்ற குழவியாகக் கூறும் குறளும் பொருட்பாலில் உண்டு. மனைவி, மக்கள், சுற்றம் எனத் தொடர்புடையாரிடத்துப் பழகிய அன்பு முதிர்ந்து அருளாகும் என்பது மரபின் வரிசை. அவ்வரிசையில் பிறனுக்குரியது அன்பு அன்று, அருளேயாம்.

கிறித்தவத் தமிழோ இவ்வரிசையை மாற்றிவிட்டது. பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் நற்பண்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் இடம் ஒன்று உண்டு. அங்கே உடன்பிறந்தாரிடத்துக் கொள்ளும் நேயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைச் ‘சகோதர சிநேகம்’ என்றும், அதற்கும் மேற்படியாக வைக்கப்பட்ட ‘அகாப்பே’ என்னும் சொல்லை ‘அன்பு’ என்றும் 1871ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்புக் கூறுகிறது. தொடர்புடையார்க்கு உரியது சிநேகம். அதனைக் கடந்தது அன்பு. பரிமேலழகர் அருளை வைத்த படியில் இம்மொழிபெயர்ப்பாளர் அன்பை வைத்தனர். கத்தோலிக்கர் வழக்கு வேறு. அவர்தம் பழைய மந்திர நூல்களில் ‘தேவசிநேகம்’ என்பதே பெருவழக்கு. பிறரை ‘நேசிப்பது’ என்றே கற்பனைகளின் முடிவில் ஓதினர். ஒரே பண்புக்கு இரு சபையாரும் இரு பெயரிட்டு நூற்றாண்டுகள் வாழ்ந்தனர் என்பது தமிழ்ச் சொல்வரலாற்றில் தனியே ஆராயத்தக்கது. முதுகலை மாணவர் எவரேனும் அதனைக் கைக்கொள்ளின் நன்று.

தொடர்பிலார்க்கு உரிய அருள் என்னும் சொல் இருக்க, அதனை விடுத்து அன்பைக் கொண்டது பிழையோ என்று வினவலாம். பிழையன்று, சாலவும் பொருத்தமே என்பது எம் துணிபு. அருள் என்னும் சொல்லில் உயர்வு தாழ்வு உண்டு. அருள்பவன் மேலே நிற்பான். அருளப்படுபவன் கீழே நிற்பான். இறைவன் அருள்வான், வேந்தன் அருள்வான், துறவி அருள்வான். ஒரு தெருவில் குடியிருக்கும் இருவருள் ஒருவர் மற்றவர்க்கு அருளினார் என்று எவரும் சொல்லார்; சொல்லின் கேட்பவர் சினப்பர். மேலும் அருள் துறவியின் பண்பு. பெண்டு பிள்ளைகளோடு, வாடகைக் கணக்கோடு, அலுவலகத்துக்கு ஓடும் காலை நேரத்தோடு வாழ்பவனின் பண்பாக மரபு அதனைக் கூறவில்லை. கட்டளையோ இல்லறத்தானுக்கு இடப்பட்டது. இல்லத்துக்குள் பழகிய சொல்லைக் கொண்டு, இல்லத்துக்கு வெளியே நிற்பவனைத் தழுவச் சொல்வதே அதன் அருமை. கணியன் பூங்குன்றனார் புறநானூற்று 192ஆம் பாட்டில் எல்லாரையும் கேளிர் என்றார். அது மெய்யுணர்ந்தார் ஒருவர் கண்ட காட்சி. இஃதோ, அக்காட்சி வாய்க்காதார்க்கும் இடப்பட்ட ஏவல்.

நல்ல சமாரியன் கதை இக்கட்டளையின் விளக்கமாக லூக்கா நூலின் பத்தாம் அதிகாரத்தில் வருவது. நியாயசாஸ்திரி ஒருவன் தனக்குப் பிறன் எவன் என்று இயேசுபெருமானை வினவுகிறான். எல்லைக்கோடு எங்கே என்று அறிய விரும்பும் வினா அது. யூதரும் சமாரியரும் தம்முள் கலவாதார். கள்வரால் அடியுண்டு வழியில் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டு விலகிப் போக, சமாரியன் நின்றான். கதையின் முடிவில் பெருமான் வினாவைத் திருப்பிவிடுகிறார். உனக்குப் பிறன் எவன் என்று அவர் விடை கூறவில்லை. கிடந்தவனுக்குப் பிறனாய் இருந்தவன் மூவருள் எவன் என்று கேட்கிறார். இவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு இடர்ப்படுகிறது. அண்மையன் என்னும் பொருளுடைய சொல்லாயின், விலகிச் சென்ற இருவரும் அண்மையர் ஆகாமையும், சமாரியன் அண்மையன் ஆனமையும் விளங்கும். ‘பிறனாயிருத்தல்’ என்னும் தொடரோ தமிழ் வழக்கில் அயன்மைப்பட்டு நிற்றலையே குறிக்கும். அவ்வாறாயின் விலகிப் போன இருவருமே பிறராய் இருந்தவர் ஆவர்! ஞாயிறுதோறும் இப்பகுதியை வாசிக்கக் கேட்பார் இவ்விடர்ப்பாட்டை உணர்வதில்லை. பழக்கம் அதனை மறைத்துவிட்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘அடுத்திருப்பவர்’ என்று மாற்றியமைத்து இவ்விடரை நீக்கியது. நீக்கியதனால் ஒன்றை இழந்ததும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

கதையின் நடைமுறைக் கூறுகளையும் மனங்கொள்ளுதல் வேண்டும். சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சமதுவும் வார்த்துக் கட்டினான். தன் வாகனத்தின்மேல் ஏற்றினான். சத்திரத்தில் ஓர் இரவு உடனிருந்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லித் தன் வழியே போனான். இரண்டு வெள்ளிக்காசு என்பது ஒரு கூலியாளின் இரண்டு நாள் ஊதியம். அவன் மருத்துவமனை கட்டவில்லை. தன் பயணத்தைக் கைவிடவும் இல்லை. ஓர் இரவு, இரண்டு நாள் கூலி, ஒரு வாக்குறுதி என்னும் அளவில் அவன் செயல் நின்றது.

தாம்பரத்தின் பெயர் உலகக் கிறித்தவ வரலாற்றில் இடம்பெற்றது 1938 டிசம்பரில். பன்னாட்டு மறைப்பணி மன்றத்தின் பேரவை சீனாவில் கூடுவதாக இருந்து, அங்கே போர் மூண்டமையால் இங்கு மாற்றப்பட்டது. சென்னை நகரின் நடுவிலிருந்து முந்திய ஆண்டே தாம்பரத்துக்குப் பெயர்ந்திருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, சேலையூர்க் காட்டை ஒட்டிய தன் பரந்த வளாகத்தில் அப்பேரவைக்கு இடமளித்தது. ஏறத்தாழ எழுபது நாடுகளிலிருந்து நானூற்றுக்கு மேற்பட்டோர் வந்து கூடினர். ஒல்லாந்து நாட்டு அறிஞர் கிரேமர் எழுதிய நூல் அங்கே விவாதத்தின் மையமாயிற்று. கிறித்துவின் வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்னும் கருத்தினர் அவர். சென்னைக் கிறித்தவச் சிந்தனையாளரான செஞ்சையா, சக்கரை முதலியோர் அதே ஆண்டில் தாம் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில் அதனை மறுத்திருந்தனர். இறையியல் நூல்களில் ‘தாம்பரம்’ என்றாலே இவ்விவாதம் என்று பொருள்படும் நிலை ஏற்பட்டது. பிறன் சமயத்தைப் பற்றிய விவாதம் அது. அதன் விரிவு இங்கு வேண்டுவதின்று.

அப்பேரவை கூடிய வளாகத்திலிருந்து இன்று மின்தொடர்வண்டியில் ஒரு நிலையத் தொலைவில், விவாதத்துக்கு இடமின்றிப் பிறர் ஆக்கப்பட்ட மக்கள் அந்நாளில் படுத்திருந்தனர். காசநோய் மருத்துவத்தில் இங்கிலாந்தில் பெயர்பெற்ற தமிழர் டேவிட் சௌரிமுத்து என்னும் மருத்துவர். மெண்டிப்பு மலைப்பகுதியில் காசநோயர் உறைவிடம் ஒன்றை நடத்தியவர். அவர் தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். தூய காற்று, ஓய்வு, நல்லுணவு என்பனவே அந்நாளைய மருத்துவம். கொல்லும் மருந்து ஒன்றும் இல்லை. தனியார் முயற்சியால் நிலைபெற இயலாமையின் 1937இல் சென்னை மாகாண அரசு அதனை ஏற்றது. ஆந்திரத்து மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் பல மறைப்பணிச் சபைகள் ஒன்றுகூடி 1912இலேயே இத்தகைய நிலையம் ஒன்றை நிறுவியிருந்தன. தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோயர்க்கென இசுகாத்துலாந்துத் திருச்சபையார் நடத்திய இல்லமும் இவ்வகையினதே.

இந்நிறுவனங்கள் செய்த தொண்டு பெரிது. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. இவை யாவும் ஊருக்குப் புறத்தே அமைந்தவை. காற்றுக்காக என்பது மருத்துவக் காரணம். தொற்றுக்கு அஞ்சி என்பது ஊரார் காரணம். எலும்புருக்கி என்று தமிழ் மக்கள் அஞ்சி அழைத்த அந்நோய் வந்த வீட்டில் தட்டும் குவளையும் தனியாயின. பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கினர். நோயின் பெயரையே வாய்விட்டுச் சொல்லார். கணவனும் மகளும் உடன்பிறந்தானும் ஆகிய தொடர்புடையார், நோய் வந்த மாத்திரத்தில் பிறர் ஆயினர். அன்புக்குரியவன் வேலிக்கு வெளியே போய், அருளுக்குரியவன் ஆகிவிடுகிறான். சானடோரியத்துக்கு நன்கொடை அளித்தல் எளிது. அங்கிருந்து திரும்பி வந்தவனோடு ஒரு பந்தியில் அமர்தல் அரிது.

இந்நிலையை மாற்றியதில் சென்னை ஆராய்ச்சி ஒன்றுக்குப் பெரும் பங்குண்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும், உலக நலவாழ்வு நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும், சென்னை மாநில அரசும் இணைந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை நிறுவின. ஐசோநியாசிட், பாஸ் என்னும் மருந்துகள் அப்போது கைவந்துவிட்டன. நகரத்து ஏழை நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலுமாக ஓராண்டு மருத்துவம் செய்து ஒப்பிட்டனர். 1959இல் முடிவு வெளிவந்தது. நெருக்கமான சிறு வீட்டில், போதிய உணவின்றி, வேலைக்கும் சென்றுகொண்டு மருந்துண்டவரும், படுக்கையும் பாலும் முட்டையும் பெற்றவரும் ஏறத்தாழ ஒத்த அளவிலேயே குணம் அடைந்தனர். அதனினும் முதன்மையானது மற்றொன்று: மருந்துண்ணும் நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தமையால் குடும்பத்தார்க்கு நோய்த்தொற்று மிகவில்லை. உலகெங்கும் காசநோய் மருத்துவம் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்குத் திரும்பியது இவ்வாராய்ச்சிக்குப் பின்னரே. விலக்குதற்கு மருத்துவம் கூறிவந்த காரணம் அன்றே வலுவிழந்தது. தனிக்குவளையோ அத்துணை விரைவில் மறையவில்லை. காரணம் அகன்ற பின்னரும் விலக்கு நிற்குமாயின், அது நோயைப் பற்றியதாக மட்டும் இருந்திருக்க முடியாது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அச்சம் மீண்டும் ஒருமுறை அதே வளாகத்துக்கு வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வினால். இந்நோயாளர் பலர்க்குக் காசநோயும் உடன்வருதலின், தாம்பரம் மருத்துவமனை 1993 முதல் அவர்களை உள்நோயாளராகச் சேர்க்கத் தொடங்கியது. வேறிடங்களில் படுக்கை மறுக்கப்பட்டோர் பல மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலத்திலிருந்தும் இங்கு வந்தனர். 2004 ஏப்ரல் 1ஆம் நாள் நாட்டில் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கிய போது முதலில் தேர்ந்த எட்டு நிலையங்களுள் தாம்பரமும் ஒன்றாயிற்று. இது அரசு மருத்துவமனை. இங்குப் பணிபுரிந்த செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் எல்லாச் சமயத்தினரும் ஆவர். அவர்கள் நாள்தோறும் செய்ததைக் கிறித்தவ அன்பு என்று உரிமை கொண்டாடுதல் முறையன்று. சமாரியனும் கதை கேட்ட யூதரின் சமயத்தவன் அல்லன். அதே காலத்தில் இந்நோயை ஒழுக்கக்கேட்டின் தண்டனை எனப் பேசிய பிரசங்கிகளும் இருந்தனர் என்பதை மறைத்தலும் முறையன்று. குருவும் லேவியனும் கதையில் வெறும் அலங்காரமாக வந்தவர் அல்லர்.

தனிக்குவளை என்றோம். நோயின்றியும் குவளை தனியாகும் நாடு இது. கிறித்தவக் கல்லூரியின் முன்னோடியாக 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியில், சிறிது காலத்துக்குள்ளேயே தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர் சிலர் சேர்ந்தனர். அவர்களை நீக்க வேண்டும் என்று மேல்வகுப்பினர் கிளர்ந்தனர், ஆண்டர்சன் இணங்கவில்லை, மாணவர் பலர் வெளியேறினர். 1850இல் சென்னை மறைப்பணியாளர் மாநாடு, சாதியைக் கைவிட்டமைக்கு உடனுண்ணலைச் சான்றாகக் கேட்டுத் தீர்மானம் செய்தது. உண்டு காட்டினால் சேர்த்துக்கொள்வோம் என்பது அதன் சாரம். இத்தீர்மானத்தில் எமக்கு ஓர் ஐயம் உண்டு. தேர்வுக்காக ஒருநாள் உண்ட சோறு அன்பாகுமா? ஆகாது, ஆயினும் அத்தேர்வில் தோற்றவர் பலர் என்பதால் அது வேண்டாத தேர்வு என்றும் சொல்ல இயலவில்லை. திருச்சபைக்குள்ளேயே சாதி வாரியாக அமரும் வழக்கத்தைக் காக்கப் போராடியோருள் சிறந்த தமிழ்ப் புலவரும் இருந்தனர். தமிழகத்தின் சில கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவர் இந்நூற்றாண்டிலும் நின்றதைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர்.

தாம்பரத்தில் கல்லூரி குடியேறிய பின்னர் சேலையூர் இல்லம், புனித தோமையர் இல்லம், ஹீபர் பேராயர் இல்லம் என்னும் மாணவர் இல்லங்களில் பல சாதியினரும் சமயத்தினரும் ஒரு கூரையின்கீழ் உண்டும் உறங்கியும் மூன்று நான்கு ஆண்டுகளைக் கழித்தனர். இங்கு எவரும் உண்டு காட்டவில்லை, பசித்தபோது உண்டனர். 1850ஆம் ஆண்டின் தீர்மானம் சாதிக்க இயலாததைச் சமையற்கூடத்து மணியோசை ஓரளவு சாதித்தது என்று கூறின் மிகையாகாது. ஓரளவு என்றே கூறுகின்றோம். இல்லத்தில் ஒரு தட்டில் உண்டவர்கள் ஊர் திரும்பித் திருமணம் பேசும்போது மீண்டும் பிறர் ஆயினர் என்பதும் உண்மை.

இன்றைய புறநகர் வாழ்வில் இக்கட்டளை சோதிக்கப்படும் இடங்கள் மிகச் சிறியவை. வீடு வாடகைக்கு வருபவரிடம் முதலில் உணவும், அடுத்துச் சாதியைச் சுற்றி வளைத்துச் சொந்த ஊரும் வினவப்படுகின்றன. வேலை செய்ய வரும் பெண்மணிக்குத் தேநீர் எந்தக் குவளையில் என்பது அடுக்களையில் முடிவாகிறது. அடுக்ககத்து மின்தூக்கியில் பொருள் கொண்டுவரும் இளைஞன் ஏறலாமா என்று சங்கக் கூட்டத்தில் பேசப்படுகிறது. மாதக் கடைசியில் எதிர்வீட்டார் கேட்கும் கைமாற்று, நள்ளிரவில் முதியவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல எழுப்பும் கதவு, குழாயடியில் முதலில் வைத்த குடத்தை நகர்த்துதல் ஆகிய இவற்றில்தான் சமாரியனின் இரண்டு வெள்ளிக்காசு செலவாக வேண்டியுள்ளது. மருத்துவமனையும் பள்ளியும் நிறுவிய கிறித்தவத் தொண்டு தமிழகத்தில் போற்றப்படுவது தகும். அது பெரும்பாலும் சபை செய்த தொண்டு. தனியொருவர் தம் வாயிற்படியில் செய்ய வேண்டியதற்கு அது ஈடாகாது. நன்கொடைச் சீட்டைக் காட்டி வாடகை வீட்டை மறுக்கும் ஒருவர், அருள் செய்து அன்பை மறுத்தவர் ஆவார். பரிமேலழகர் கண்ட வேறுபாடு, அவர் எண்ணியிராத திசையில் இங்கே பயன்படுகிறது.

2015 டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கி மறுநாட்காலை வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. அடையாற்றின் மேற்பகுதியில் உள்ள முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்கள் வெள்ளத்துள் மூழ்கின. ஏரிகளும் அவற்றின் போக்குக் கால்வாய்களும் மனைகளாகி வீடுகளாகிவிட்டமையால் நீர் தன் பழைய வழியைத் தேடி வீடுகளுக்குள் புகுந்தது. கீழ்த்தளத்தார் மாடிக்கு ஏறினர். அம்மாடி பல இடங்களில் முன்பின் பேசிப் பழகாதார் வீடு. மின்சாரமும் தொலைபேசியும் இல்லை. கோயில், பள்ளிவாசல், மாதாகோயில், திருமண மண்டபம், பள்ளிக்கூடம் எனத் திறந்த கதவெல்லாம் இருப்பிடம் ஆயின. கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர் தம் படகுகளை வண்டிகளில் ஏற்றி நகர்த் தெருக்களுக்குக் கொணர்ந்து மக்களை மீட்டனர். நகரத்தார் மீன் வாங்கும்போதன்றி நினையாத மக்கள் அவர்கள். அன்று அவர்களைப் பிறர் என்பதா, அடுத்திருப்பவர் என்பதா?

நீர் வடிந்தபின் நிகழ்ந்ததையும் கூறாவிடின் செய்தி முழுமை பெறாது. மலைபோற் குவிந்த கழிவை அகற்றப் பிற மாவட்டங்களிலிருந்து துப்புரவுப் பணியாளர் ஆயிரக்கணக்கில் கொணரப்பட்டனர். பலர் கையுறையும் காலுறையும் இன்றி வேலை செய்ததை அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின. மீனவரைப் பாராட்டி விழா எடுத்த நகரம் இவர்களை அவ்வளவாக நினைக்கவில்லை. மாடியில் இடம் தந்தவர்கள் மாடிப்படியில் நின்று இவர்களுக்குக் குடிநீர் கொடுத்ததும் உண்டு. கொடுத்த பாத்திரம் எது என்பது அவரவர் அறிந்தது.

‘அடுத்திருப்பவர்’ என்னும் மாற்றத்தால் இழந்தது ஒன்று உண்டு என்றோம். அடுத்தல் என்பது நெருங்குதல். பழைய வழக்கில் அடுத்தார் என்போர் புகலிடம் தேடி வந்து சேர்ந்தவரும் ஆவர்; அவ்வகையில் இச்சொல் மூலத்தின் அண்மைப் பொருளோடு அடைக்கலப் பொருளையும் ஏற்று நிற்கும் அழகுடையது. எனினும் ‘பிறன்’ என்னும் சொல்லில் இருந்த உறுத்தல் இதில் இல்லை. அடுத்திருப்பவர்மீது அன்பு செலுத்துக என்பது இயல்பான அறிவுரை போல ஒலிக்கிறது. பிறன்மீது அன்பு செலுத்துக என்பது, கேட்பவன் நின்று எண்ணினால், இயலுமா என்று மலைக்க வைப்பது. கதைக்குப் புதிய சொல்லும், கட்டளைக்குப் பழைய சொல்லும் தகும் என்பது எம் கருத்து. இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிப்பிக்கும் ஆசிரியர் நற்பேறுடையார்.

இன்னொரு விந்தையும் உண்டு. பேச்சு வழக்கில் ‘அடுத்தவன்’ என்பது இன்று யாரைக் குறிக்கிறது? அடுத்தவன் பொருள், அடுத்தவன் குடும்பத்துச் செய்தி என்றெல்லாம் கூறும்போது அண்மை முற்றும் மறைந்து, தொடர்பற்ற வேற்றாள் என்னும் பொருளே நிற்கிறது. குறளில் பிறன் நின்ற இடத்தில் இன்று அடுத்தவன் நிற்கிறான். அயல் என்னும் சொல்லுக்கும் இதுவே நேர்ந்தது. பக்கம் என்னும் பொருளுடைய அச்சொல்தான் அயல்நாடு, அயன்மை என்று தொலைவைக் குறிக்கலாயிற்று. அருகில் உள்ளவனைக் குறிக்கும் சொல் காலப்போக்கில் வேற்றவனைக் குறிக்கத் தலைப்படுதல் தமிழில் ஒருமுறைக்கு மேல் நிகழ்ந்துள்ளது. பக்கத்தில் வாழ்வோரைத் தொலைவில் வைக்கும் நம் வாழ்க்கைமுறையின் தடம் அச்சொற்களில் பதிந்திருத்தல் கூடும்.

எதிர்த்திசையில் நகர்ந்த சொல் ஒன்றும் தாம்பரத்தில் உண்டு. சௌரிமுத்து தொடங்கிய நிலையம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை எனப் பெயர் பெற்றுள்ளது. ‘சானடோரியம்’ என்னும் பழைய பெயரோ தொடர்வண்டி நிலையத்துக்கும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புக்கும் தங்கிவிட்டது. ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய சொல் அது. இன்று அங்கு மனை வாங்குவோர் உண்டு. அங்கிருந்து கடற்கரைக்கும் கிண்டிக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் உண்டு. பெண் பார்க்க வருவோர்க்கு முகவரி சொல்லும்போது எவரும் குரலைத் தாழ்த்துவதில்லை.